பாறை மடியில் ஊர்கள்

நுழையும்முன்

பழைய ஊர்கள் பெரும்பாலும் மண்ணுக்கடியில் கிடைக்கின்றன. வட அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்திலோ அவை தலைக்கு மேலே, செங்குத்தான பாறைச் சுவரின் நடுவே நிற்கின்றன. அதே நிலப்பரப்பில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் படைக்கோட்டைகளும் வணிக நிலையங்களும் உள்ளன. இவ்விரண்டையும் சேர்த்துக் காணும் பயணி, 'கைவிடப்பட்ட ஊர்', 'எல்லைப்புறம்' என்னும் இரு சொற்களை மறுபடியும் எண்ணிப் பார்க்க வேண்டியவராகிறார்.

கல்லும் நீரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் யூட்டா, கொலராடோ, அரிசோனா, நியூ மெக்சிகோ ஆகிய நான்கு மாநிலங்கள் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. அப்புள்ளியைச் சுற்றிப் பரந்து கிடப்பது கொலராடோ பீடபூமி. பாலை என்றதும் மணற்குன்றுகள் நம் நினைவுக்கு வரலாம். இங்கே மணல்மேடுகள் குறைவு, பாறையே மிகுதி. உச்சி தட்டையான மேசைக்குன்றுகள், அவற்றைப் பிளந்து செல்லும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகள், குட்டையான ஜூனிப்பர் மரங்கள், குளிர்காலத்தில் பனி, கோடையின் பிற்பகுதியில் இடியுடன் வந்து விரைந்து மறையும் மழை என்பன இந்நிலத்தின் இயல்புகள்.

மழைநீரும் உருகிய பனிநீரும் மணற்கல்லின் நுண்துளைகள் வழியே மெல்லக் கீழிறங்குகின்றன. மணற்கல்லுக்கு அடியில் நீர் எளிதில் புகாத களிப்பாறை அடுக்கு உள்ளது. அதற்குமேல் இறங்க வழியற்ற நீர், பாறையின் பக்கவாட்டில் கசிகிறது. கசிந்த நீர் குளிரில் உறைந்து விரிகிறது. பாறை செதில் செதிலாக உடைந்து விழுகிறது. இவ்வாறு நெடுங்காலம் உடைந்து உடைந்து, குன்றின் விலாவில் பெரிய குடைவுகள் தோன்றின. மேலே கல்கூரை, உட்புறச் சுவரின் அடியில் ஊற்று. வறண்ட நிலத்தில் மனிதருக்கு இன்றியமையாத நிழலையும் நீரையும் ஒரே இயற்கைச் செயல் ஒரே இடத்தில் அமைத்துத் தந்தது. அதைக் கண்டறிந்து பயன்படுத்தியது மனிதரின் அறிவு.

பச்சை மேசையின் ஊர்கள்

கொலராடோ மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் மேசா வெர்டே என்னும் உயர்நிலம் உள்ளது. ஸ்பானிய மொழியில் இப்பெயருக்குப் 'பச்சை மேசை' என்று பொருள். இங்கே ஏறத்தாழ கி.பி. 550 முதல் மக்கள் வேளாண்மை செய்து வாழ்ந்தனர். மக்காச்சோளம், அவரை, பூசணி ஆகிய மூன்றும் அவர்களுடைய முதன்மைப் பயிர்கள். வான்கோழிகளை வளர்த்து, அவற்றின் இறகுகளைக் கயிற்றோடு முறுக்கிப் போர்வை செய்தனர். ஓடைகளின் குறுக்கே சிறு கல்லணைகளை அடுக்கி, ஓடும் மழைநீரையும் வண்டல் மண்ணையும் தடுத்து நிறுத்தி, அந்த ஈரத்தில் பயிரிட்டனர். முதல் ஆறு நூற்றாண்டுகளின் பெரும்பகுதியும் அவர்கள் குன்றின் உச்சியிலேயே வாழ்ந்தனர் என்பது கருதத்தக்கது. நாம் இன்று வியந்து பார்க்கும் பாறைக்குடைவு வீடுகள், அந்த நெடிய வாழ்வின் கடைசி நூறு ஆண்டுகளைச் சேர்ந்தவை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான் அவர்கள் குடைவுகளுக்குள் பெருமளவில் வீடு கட்டத் தொடங்கினர்.

மேசா வெர்டேயில் மட்டும் இத்தகைய குடியிருப்புகள் ஏறத்தாழ 600 உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை ஐந்து அறைகளுக்கு மேற்படாத சிறு வீடுகள். அவற்றுள் மிகப் பெரியது 'கிளிஃப் பேலஸ்' எனப்படும் பாறை மாளிகை. அதில் ஏறத்தாழ 150 அறைகளும் 23 கிவாக்களும் இருந்தன. நூறு பேர் அளவில் அங்கு வாழ்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். மாளிகை என்னும் பெயர் பிற்காலத்தார் சூட்டியது. அங்கே அரசரும் இல்லை, அரியணையும் இல்லை. தானியம் சேமிக்கும் அறைகளும், அம்மிக்கல்லில் மாவரைக்கும் இடங்களும், அடுப்புப் புகை படிந்த சுவர்களுமே இருந்தன.

கிவா என்பது தரைக்குக் கீழே வட்டமாகக் கட்டப்பட்ட அறை. கூரையின் நடுத்துளை வழியே ஏணியில் இறங்க வேண்டும். நடுவில் நெருப்புக்குழி. சுவரின் அடியில் காற்று வருவதற்கு ஒரு சுரங்கக்குழல். அக்காற்று நேரே பாய்ந்து நெருப்பைச் சிதறடிக்காதிருக்க, இடையில் ஒரு தடுப்புக்கல். புகை கூரைத்துளை வழியே மேலேற, புதிய காற்று கீழ்வழியே உள்ளே வரும். குளிர்காலத்தில் குடும்பங்கள் கூடி அமரவும் சடங்குகள் நிகழ்த்தவும் இவ்வறைகள் பயன்பட்டன. தரையில் உள்ளங்கை அளவே ஆன சிறுகுழி ஒன்று காணப்படும். மனிதர் கீழுலகிலிருந்து இவ்வுலகிற்கு ஏறி வந்த வழியை அது குறிக்கும் என்பது அம்மக்களின் வழித்தோன்றல்களது நம்பிக்கை.

இரும்புக் கருவியும் சுமை இழுக்கும் விலங்கும் இல்லாமல், கல்லைக் கல்லால் கொத்திச் செங்கல் போலச் சீராக்கிச் சுவர் எழுப்பினர். மண், நீர், சாம்பல் ஆகியவற்றைக் குழைத்த சாந்தை இடைவெளிகளில் பூசி, அதில் சிறு கற்சில்லுகளை அழுத்திப் பதித்தனர். எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் சில சுவர்களின் சாந்தில் கட்டியவரின் விரல் தடங்கள் தெரிகின்றன. தெற்கு நோக்கிய குடைவுகளில் குளிர்காலத்துத் தாழ்ந்த வெயில் உள்ளே வரை புகும்; கோடையில் சூரியன் உச்சியில் நிற்கும்போது கல்கூரை நிழல் தரும். வயல்களோ குன்றின் உச்சியில். பாறையில் கைக்கும் காலுக்கும் கொத்திய சிறுகுழிகளைப் பற்றி ஏறித்தான் நாள்தோறும் வேலைக்குச் செல்ல வேண்டும். விளைந்த கதிர்களோடு அதே வழியில் இறங்க வேண்டும். இன்று கைப்பிடியும் ஏணியும் துணையாக, வழிகாட்டியின் பின்னே மெல்ல இறங்கும் பயணிக்கே மூச்சு வாங்குகிறது.

மரம் சொன்ன ஆண்டுகள்

எழுத்தில்லாத மக்களின் வீடுகளுக்கு ஆண்டு கணித்தது எவ்வாறு? விடை ஒரு வானியலாளரிடமிருந்து வந்தது. ஏ. இ. டக்ளஸ் என்பவர் சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் புவியின் மழைக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய விரும்பினார். அதற்குப் பழங்கால மழைக்கணக்கு தேவைப்பட்டது. அக்கணக்கை அவர் மரங்களில் தேடினார். வறண்ட நிலத்து மரம், மழை மிகுந்த ஆண்டில் அகன்ற வளையமும் மழை பொய்த்த ஆண்டில் மெல்லிய வளையமும் இடும். ஒரு வட்டாரத்து மரங்கள் எல்லாவற்றிலும் இந்த அகல ஒடுக்க வரிசை ஏறக்குறைய ஒன்றாக அமையும். உயிருள்ள மரத்தின் உள்வளையங்களோடு பழைய வீட்டு உத்தரத்தின் வெளிவளையங்களைப் பொருத்தினால் கணக்கு பின்னோக்கி நீளும். 

டக்ளஸிடம் இரண்டு வரிசைகள் இருந்தன. ஒன்று இன்றிலிருந்து பின்னோக்கிச் சென்றது. மற்றொன்று பழைய குடியிருப்புகளின் மரங்களிலிருந்து கிடைத்தது. ஆனால் எந்த ஆண்டோடும் பிணைக்கப்படாமல் தனித்து நின்றது. இரண்டையும் இணைக்கும் கண்ணி கிடைக்கவில்லை. 1929 ஜூன் மாதம், அரிசோனாவின் ஷோ லோ என்னும் ஊரில் தோண்டியெடுத்த கருகிய மரத்துண்டு ஒன்று அந்த இடைவெளியை நிரப்பியது. எச்எச்-39 என்று எண்ணிடப்பட்ட அத்துண்டின் வளையங்கள் இரு வரிசைகளிலும் பொருந்தின. அன்றோடு தென்மேற்கின் பல பழைய ஊர்களுக்கு ஆண்டுக்கணக்கு கிடைத்தது. சூரியனைப் பற்றித் தொடங்கிய ஆய்வு, தொல்லியலுக்கு ஒரு நாட்காட்டியைத் தந்து முடிந்தது.

மரவளையங்கள் மற்றொரு செய்தியையும் கூறின. 1276 முதல் 1299 வரை இந்நிலத்தைக் கடும் வறட்சி வாட்டியது. 1300ஆம் ஆண்டு அளவில் மேசா வெர்டேயின் பாறை வீடுகள் ஆளற்றுப் போயிருந்தன. வறட்சியே காரணம் என்று எளிதாகக் கூறிவிடலாம். ஆயினும் அதற்கு முன்னும் வறட்சிகள் வந்ததுண்டு. மக்கள் அவற்றைத் தாங்கியதும் உண்டு. பெருகிய மக்கள்தொகை, வெட்டித் தீர்ந்த மரங்கள், களைத்த மண், ஊர்களுக்கிடையே மூண்ட பூசல் ஆகியவையும் ஒன்றுசேர்ந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் இன்றைய கருத்து.

மறைந்தவர் யார்?

1888 டிசம்பரில், வழிதவறிய மாடுகளைத் தேடிச் சென்ற ரிச்சர்ட் வெதரில், சார்லி மேசன் என்னும் இரு பண்ணையாளர்கள், எதிர்ப்பக்கப் பாறையில் அந்தப் பெரிய ஊரைக் கண்டனர். அவர்களே அதைக் 'கண்டுபிடித்தவர்கள்' என்று பல நூல்கள் எழுதின. அந்நிலத்தில் வாழ்ந்த யூட் மக்களுக்கு அவ்வூர்கள் முன்பே தெரியும். 

1891இல் குஸ்தாவ் நோர்டன்ஷியோல்டு என்னும் 23 வயது சுவீடன் நாட்டு இளைஞர் வந்து முறையாக அகழ்ந்தார், அளந்து வரைந்தார், ஒளிப்படம் எடுத்தார். பொருள்களைத் தொடர்வண்டியில் ஏற்ற முயன்றபோது உள்ளூரார் அவரைக் கைது செய்வித்தனர். ஆனால் அவர் செய்ததைத் தடுக்கும் சட்டம் எதுவும் அப்போது இல்லை. எனவே அவர் விடுவிக்கப்பட்டார். பொருள்கள் ஐரோப்பாவுக்குச் சென்று, பின்னர் பின்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. உள்ளூர்ப் பண்ணையாளர்கள் தோண்டி விற்றதைப் பொறுத்துக்கொண்டு, அயல்நாட்டார் எடுத்துச் சென்றபோது மட்டும் சினந்தது சற்றே விந்தையானது. எனினும் அச்சினமும் பயன்பட்டது. பழம்பொருள்களைக் காக்கும் சட்டம் 1906 ஜூன் 8 அன்று நிறைவேறியது. அதே மாதம் 29ஆம் நாள் மேசா வெர்டே தேசியப் பூங்காவானது. 1978இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடங்களின் முதற்பட்டியலை வெளியிட்டபோது அதுவும் இடம்பெற்றது.

பொருள்களைக் காத்தவர்கள், அவற்றைச் செய்தவர்களைப் 'மறைந்துபோன மக்கள்' என்றே நெடுங்காலம் எழுதினர். உண்மையில் யாரும் மறையவில்லை. மேசா வெர்டேயை விட்டு நீங்கியவர்கள் தெற்கிலும் தென்கிழக்கிலும் சென்று புதிய ஊர்களில் வாழ்ந்தனர். அரிசோனாவின் ஹோப்பி மக்களும், நியூ மெக்சிகோவின் ஜூனி மக்களும், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் வாழும் பியூப்லோ மக்களும் அவர்களுடைய வழித்தோன்றல்கள். இன்றும் அவர்கள் மக்காச்சோளம் விதைக்கின்றனர். இன்றும் கிவாவுக்குள் ஏணியில் இறங்குகின்றனர். தம் முன்னோர் அந்த ஊர்களைத் தோல்வியால் கைவிடவில்லை என்றும், நெடும்பயணத்தின் ஒரு கட்டத்தை முடித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குச் சென்றனர் என்றும், பாறையோவியங்களும் உடைந்த பானைகளும் அவர்கள் விட்டுச் சென்ற காலடித் தடங்கள் என்றும் ஹோப்பி மக்கள் கூறுகின்றனர்.

பெயர்களும் இவ்வுண்மையை மறைத்தன. அம்முன்னோரை ஆய்வாளர்கள் நெடுங்காலம் 'அனசாசி' என்றே குறித்தனர். அது நவஹோ மொழியிலிருந்து வந்த சொல். 'பகைவரின் முன்னோர்' என்றும் பொருள்படும். தம் பாட்டன்மாரை அவ்வாறு அழைப்பதைப் பியூப்லோ மக்கள் விரும்பாமையால், 'பியூப்லோ முன்னோர்' என்னும் தொடர் இன்று வழங்குகிறது. நடு அரிசோனாவில் சுண்ணப்பாறையின் முகத்தில் ஐந்தடுக்காக நிற்கும் இருபது அறைக் குடியிருப்பு ஒன்றுக்கு 'மாண்டிசூமா கோட்டை' என்று பெயர். மாண்டிசூமா மெக்சிகோவில் ஆண்ட அஸ்டெக் பேரரசர். அவர் பிறப்பதற்கு முன்பே அந்த வீட்டு மக்கள் அங்கிருந்து சென்றுவிட்டனர். அவர் அப்பக்கம் வந்ததும் இல்லை. அது கோட்டையும் இல்லை. 'இவ்வளவு சீரான கட்டடத்தை இவ்வூர் மக்களின் முன்னோர் கட்டியிருக்க இயலுமா?' என்ற ஐயமே அப்பெயரை ஈன்றது எனலாம். பெயர்ப்பலகையில் அது இன்றும் அப்படியே உள்ளது.

எல்லைப்புறத்தின் கோட்டைகள்

இதே பாலைநிலத்தில் ஐரோப்பிய வழிவந்தோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறினர். தம் குடியிருப்பு முடிந்து பிறர் நிலம் தொடங்கும் விளிம்பை அவர்கள் 'எல்லைப்புறம்' என்றனர். கிழக்கிலிருந்து நோக்கியவருக்கு அது விளிம்பு. அங்கே வாழ்ந்தவருக்கோ அதுவே நடு.

அரிசோனாவின் தென்கிழக்கில், அப்பாச்சி கணவாயில் ஓர் ஊற்று உண்டு. சுற்றிலும் வறண்ட நிலத்தில் எல்லோருக்கும் வேண்டியது அந்நீர். 1861இல், தாம் செய்யாத ஆள்கடத்தலுக்காகச் சிரிகாவா அப்பாச்சி தலைவர் கொச்சீஸ் மீது படை அதிகாரி ஒருவர் குற்றஞ்சாட்டிச் சிறைப்பிடிக்க முயன்றார். கொச்சீஸ் தப்பினார். இருபக்கமும் பிணையாளர்கள் கொல்லப்பட்டனர்; பத்தாண்டுகளுக்கு மேலான போர் மூண்டது. மறு ஆண்டு ஊற்றைக் காக்க எழுந்ததே போவி கோட்டை. 1886இல் ஜெரானிமோ சரணடைந்தபோது, அவரோடு சிரிகாவா குடும்பங்கள் அனைத்தும் தொலைவிலுள்ள புளோரிடாவுக்குத் தொடர்வண்டியில் அனுப்பப்பட்டன. அரசுப் படைக்கு வழிகாட்டிகளாக உழைத்த அப்பாச்சிகளும் அவர்களுள் அடங்குவர். போர்க்கைதிகள் என்னும் நிலை அவர்களுக்கு 27 ஆண்டுகள் நீடித்தது.

1894இல் படை வெளியேறியது. கூரைகளும் கதவுகளும் பெயர்த்தெடுக்கப்பட்டன. சுடாத மண்கல்லால் எழுப்பிய சுவர்கள் மழையில் கரையத் தொடங்கின. இன்று பயணிகள் கணவாய் வழியே ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் நடந்து சென்று காண்பவை, முழங்கால் அளவிலும் தோள் அளவிலும் எஞ்சிய மொட்டைச் சுவர்களே. பாறையின் மடியில் எழுநூறு ஆண்டுகளுக்கு முன் கட்டியவை கூரைமரங்களோடு நிற்க, ஒரு பேரரசின் படை கட்டியது நூற்றாண்டுக்குள் கரைந்தது. மழைபடாத இடத்தைத் தேர்ந்தவர்களுக்கும் வெட்டவெளியில் விரைந்து கட்டியவர்களுக்கும் உள்ள வேறுபாடு அது.

பீச் மரங்கள்

மேசா வெர்டேக்குத் தென்மேற்கே, அரிசோனாவின் வடகிழக்கில் கேன்யன் தெ ஷே என்னும் செம்பாறைப் பள்ளத்தாக்கு உள்ளது. பாறையின் உட்பகுதி என்னும் பொருள்பட நவஹோ மக்கள் இட்ட பெயரை ஸ்பானியர் தம் நாவுக்கேற்பத் திரித்தனர். இங்கும் பியூப்லோ முன்னோர் கட்டிய பாறை வீடுகள் உள்ளன. அவர்களுக்குப் பின் நவஹோ மக்கள் வந்து, பள்ளத்தாக்கின் தரையில் மக்காச்சோளமும் பீச் மரங்களும் வளர்த்து, ஆடு மேய்த்து வாழ்ந்தனர். பழையோரின் வீடுகளில் அவர்கள் குடியேறவில்லை. இறந்தவருக்குரிய இடம் என்று விலகி நின்றனர். அம்மதிப்பே அவ்வீடுகளுக்கு நூற்றாண்டுகளாகக் காவலாயிற்று.

1863இல் ஜெனரல் கார்ல்டனின் ஆணைப்படி கிட் கார்சன் தலைமையில் படை வந்தது. வயல்கள் எரிக்கப்பட்டன, ஆடுகள் கொல்லப்பட்டன. 1864 ஜனவரியில் படையினர் பள்ளத்தாக்கின் ஊடே நடந்தனர். செங்குத்தான தனிப்பாறை ஒன்றின் உச்சியில் பல குடும்பங்கள் ஏறி ஒளிந்திருந்தன என்றும், தண்ணீர் தீர்ந்தபோது, கீழே உறங்கிய வீரர்களின் தலைக்கு மேலே கயிற்றில் குடுக்கைகளைக் கட்டி இறக்கி நீர் மொண்டன என்றும் நவஹோ வாய்மொழி வரலாறு கூறுகிறது. அவ்வாண்டே பீச் மரங்களும் ஆயிரக்கணக்கில் வெட்டி வீழ்த்தப்பட்டன. போரில் மரத்தை வெட்டுவது, திரும்பி வருவதற்கான காரணத்தையே வெட்டுவதாகும்.

பசியால் பணிந்தவர்கள் நியூ மெக்சிகோவின் கிழக்கிலுள்ள போஸ்கே ரெடோண்டோ முகாமுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்த அந்தத் துன்பம் 'நெடுநடை' எனப்படுகிறது. முகாமில் ஆற்றுநீர் உவர்த்தது, பயிரைப் புழுக்கள் தின்றன, நோய் பரவியது. பழகாத கோதுமை மாவும் கொழுப்பும் உணவாக அளிக்கப்பட்டன. 1868 ஜூன் 1 அன்று, பார்போன்சீட்டோ முதலிய தலைவர்களும் ஜெனரல் ஷெர்மனும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். தொலைவிலுள்ள வேறொரு நிலத்தை ஏற்க மறுத்து, தம் நிலத்துக்கே திரும்பும் உரிமையை நவஹோ மக்கள் பெற்றனர். அமெரிக்கப் பழங்குடிகளின் வரலாற்றில் இத்தகைய மீட்சி அரிது.

திரும்பி வந்தவர்களிடம் ஆடு குறைவு, கருவி குறைவு. மாவுக்கும் காப்பிக்கும் சர்க்கரைக்கும் பழகிவிட்டனர். வணிக நிலையங்கள் இந்தச் சூழலில் பெருகின. கனாடோ என்னும் ஊரில் ஜான் லொரென்சோ ஹப்பல் 1878இல் தொடங்கிய நிலையம் இன்றும் நடைபெறுகிறது. உயரமான மரமேடைக்கு அப்பால் கடைக்காரர் நிற்க, நவஹோ மக்கள் கம்பளியும் நெய்த கம்பளங்களும் வெள்ளி அணிகளும் தந்து பண்டம் பெற்றனர். பணமில்லாத பருவத்தில் அணிகலன்கள் அடகுக்கு வந்தன. கிழக்கு நகரங்களில் எது விற்கும் என்று அறிந்த ஹப்பல், செந்நிறம் மேலோங்கிய வடிவங்களை நெய்யத் தூண்டினார். கையும் தறியும் நவஹோ பெண்களுடையவை. பெயரோ 'கனாடோ சிவப்பு' என்று ஊரின் பேரில் நின்றது. அவர்கள் நெய்யும் கம்பளங்கள் இன்றும் அக்கடையின் ஓர் அறையில் விலைக்கு அடுக்கப்பட்டுள்ளன.

2020இல் பின்லாந்து, நோர்டன்ஷியோல்டு எடுத்துச் சென்றவற்றுள் 20 மனிதரின் உடல் எச்சங்களையும் அவர்களோடு புதைக்கப்பட்டிருந்த 28 பொருள்களையும் திருப்பி அனுப்பியது. ஹோப்பி, ஜூனி முதலிய வழித்தோன்றல்கள் அவற்றை மேசா வெர்டேயின் மண்ணில் மீண்டும் அடக்கம் செய்தனர். அவ்விடம் எந்தப் பயண வரைபடத்திலும் குறிக்கப்படவில்லை.

கேன்யன் தெ ஷே 1931இல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் நிலம் நவஹோ மக்களுடையது. பள்ளத்தாக்கில் குடும்பங்கள் இன்றும் பயிரிடுகின்றன. வெளியார் அதன் தரைக்கு இறங்க வேண்டுமானால் நவஹோ வழிகாட்டி ஒருவர் உடன்வர வேண்டும். ஆற்றுமணலில் வண்டி செல்லும்போது, வழிகாட்டி ஒருபுறம் பாறை வீடுகளைக் காட்டுவார். மறுபுறம் வேலியிட்ட தோட்டங்களைக் காட்டுவார். அத்தோட்டங்களில் மக்காச்சோளமும், திரும்பி வந்தவர்கள் மறுபடி நட்டு வளர்த்த பீச் மரங்களின் வழிவந்த மரங்களும் நிற்கின்றன.